அறுநூறு குரல்களும் ஒரு பொய்யும்

அன்புள்ள சார்,

டென் சிசி என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் ‘ஐ ஆம் நாட் இன் லவ்’ பாடலை ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் தொடக்கத்தில் கேட்டேன். அப்புறம் தேடிப்பிடித்து முழுசாகக் கேட்டேன். பின்னணியில் மிதக்கும் அந்தக் கோரஸ் சின்தசைசர் என்றே நினைத்திருந்தேன், மனிதக் குரல்கள் என்கிறார்கள். சவுண்ட் என்ஜினியரான என் நண்பன், “இன்னைக்கு லேப்டாப்ல பத்து நிமிஷ வேலை, இதுக்கா இவ்வளவு பில்டப்?” என்கிறான். அவன் சொல்வது சரிதானே?

கே.

அன்புள்ள கே.,

பத்து நிமிஷம்கூட ஆகாது. உங்கள் நண்பர் தாராளமாகவே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் இதைப் படித்துவிட்டு அவரிடம் மறுபடி பேசிப் பாருங்கள்.

குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டிடம் அவர் மனைவி ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாராம், ‘ஐ லவ் யூ’ என்று வாய்விட்டுச் சொல்வதே இல்லை என்று. ஓயாமல் சொன்னால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பது இவர் கட்சி. காதல் இல்லவே இல்லை என்று சாதித்துக்கொண்டே காதலைச் சொல்லும் பாட்டு அப்படித்தான் பிறந்தது. குழுவின் இன்னொருவரான கிரகாம் கௌல்ட்மேன் உடன் சேர்ந்து எழுதினார். முதலில் போஸா நோவா என்ற பிரேசில் தாளத்தில் பதிவு செய்தார்கள். குழுவின் கெவின் காட்லிக்கு அறவே பிடிக்கவில்லை, அந்த டேப்பை அழித்தே விட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். சரி, குரல்களை வைத்தே செய்வோம் என்று கடைசியில் வழி சொன்னதும் அதே காட்லிதான்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில், ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோவில் அவர்களுக்கே பங்கு இருந்தது. மணிக்கணக்கு வாடகை பயம் இல்லாததால்தான் இந்தக் கூத்தெல்லாம் நடந்தது. கௌல்ட்மேன், காட்லி, குழுவின் நாலாவது ஆளான லால் கிரீம் மூவரும் ஒரே ஸ்வரத்தை ‘ஆ’ என்று பதினாறு தடவை பாடினார்கள். ஆக, ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அப்படியே அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் பதின்மூன்று ஸ்வரம் ஏறிப் போனால் மொத்தம் அறுநூறைத் தாண்டும். ஒவ்வொன்றையும் டேப்பில் வெட்டி, ஸ்வரம் நிற்காமல் ஒலிக்க, முனைகளை ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் நீளமானது, மெஷினுக்குள் அடங்காது. ஒரு மைக் ஸ்டாண்டைத் தள்ளி நிறுத்தி, அதைச் சுற்றி ஓடவிட்டார்கள். மூன்று வாரம் போனது. அப்புறம் அந்த ஸ்வரங்களை ஒலி கலக்கும் மிக்ஸரில் தனித்தனி டிராக்குகளாகப் பரப்பி, நால்வருமாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கி, ஆர்மோனியம் வாசிப்பதுபோல் வாசித்தார்கள்.

இதில் என்னை மயக்கியது ஒரு துண்டு ஒட்டு டேப். ஃபேடர்கள் அடிமட்டம்வரை இறங்காதபடி குறுக்கே ஒட்டிவிட்டார்கள். எந்த ஸ்வரமும் முழுசாக அணையாது, எல்லாம் சேர்ந்து அடியில் லேசாக இரைந்துகொண்டே இருக்கும். முன்னால் ஸ்டூவர்ட், உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது கறையை மறைக்கத்தான் என்று பிகு பண்ணுகிறார். பின்னால் அறுநூறு பேரும் ஒரு கணம்கூட வாயை மூடுவதில்லை. தம்புரா மாதிரி, அந்த இரைச்சல்தான் பாட்டின் சுருதி. அவர் சொல்வதை நாம் நம்பாமல் போவது அதனால்தான்.

நடுவில் ஒரு பெண் குரல், பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று கிசுகிசுக்கிறதே, அது ஸ்டூடியோ வரவேற்பாளருடையது. பதிவு நடக்கும்போது கதவைத் திறந்து, ஸ்டூவர்ட்டுக்கு போன் வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். இதுதான் நாம் தேடிய குரல் என்று லால் கிரீம் துள்ளிக் குதித்தார். பாவம், அந்தப் பெண் தயங்கியிருக்கிறார். விடவில்லை.

1975இல் பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். ஆறு நிமிஷப் பாட்டுக்கு அது பெரிய விஷயம்.

நண்பர் லேப்டாப்பில் செய்து பார்த்தால் அனுப்பச் சொல்லுங்கள். ஃபேடரை மட்டும் முழுசாக இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.