ஏழும் பத்தொன்பதும்

அன்புள்ள ஐயா,
பத்து வருடமாக ஒரே ஒயின் விமர்சகரை நம்பித்தான் வாங்கிவந்தேன். அவர் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய்வருவதெல்லாம் தயாரிப்பாளர் செலவில் என்று இப்போதுதான் தெரிந்தது. ஏமாந்துவிட்டேன். எல்லாருமே விலைபோனவர்கள்தானா? இனி யாரைப் படிப்பது?
ஆர்.

அன்புள்ள ஆர்,

பத்து வருட நம்பிக்கை போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் ‘எல்லாருமே விலைபோனவர்கள்’ என்று எழுதினீர்களே, அது சோம்பேறித்தனம். ஒருவர் மேல் வந்த கோபத்தில் ஊரையே திட்டிவிட்டால் அப்புறம் நல்லவரைத் தேடுகிற வேலையே இல்லை, அல்லவா?

பயணச் செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. யார் காசில் போனோம் என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாதவர் மறைக்கிறார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-இல் தன் ஒயின் இதழைத் தொடங்கியபோதே விளம்பரம் வேண்டாம், சந்தா போதும் என்று நடத்திக்காட்டினார். அவர் வழக்கறிஞர், வாங்குகிறவர் பக்கம் நிற்பதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

உங்கள் கடிதம் கிளறியது வேறொன்றை. கை சுத்தமாக இருந்தால் போதுமா?

ராபர்ட் ஹாட்ஜ்சன் கடலியல் பேராசிரியராக இருந்தவர், சொந்தமாக ஒயினும் தயாரித்தவர். தன் ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்குவதும் இன்னொன்றில் வெறுங்கையோடு திரும்புவதும் அவருக்குப் புதிராக இருந்தது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பை ஊற்றி, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து நடுவர்களுக்குக் கொடுக்கவைத்தார். முடிவு 2008-இல் வெளியானது. மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே தரம் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான்.

எனக்கும் அது நடந்திருக்கிறது. பெயர் மறைத்து வைத்த ஒரு சுவைப்பில், ஏழாம் கோப்பைக்கு ‘பழுத்த வாசனை, நாவில் நின்று பேசுகிறது’ என்று எழுதி நூற்றுக்கு 91 போட்டேன். பத்தொன்பதாம் கோப்பைக்கு ‘களைத்துப்போன ஒயின், மரவாடை தூக்கல்’, 84. கடைசியில் பட்டியலை வாசித்தார்கள். இரண்டும் ஒரே பாட்டில். பக்கத்தில் இருந்தவர் பார்ப்பதற்குள் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். என் கட்டுரையில் வந்தது 91 மட்டும். அந்தப் பயணம் முழுக்க என் சொந்தக் காசு, ஆர். யாரும் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கித் தரவில்லை. அப்படியும் பொய்தான் எழுதினேன்.

பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவைப் பாருங்கள். அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் இன்னும் பீப்பாயில் கிடக்கும்போதே, விமர்சகர்கள் சுவைத்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். மாதிரியை எடுத்துக் கொடுப்பதும் தயாரிப்பாளர்தான். அந்த எண்ணை நம்பி ஜனங்கள் முன்பணம் கட்டுகிறார்கள். 92–94 என்று இடைவெளி விட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் தேவலை. பாட்டில் வந்து சேர்ந்த பிறகு மறுபடி குடித்துப் பார்த்து, ‘அன்று கூடப் போட்டுவிட்டேன்’ என்று பழைய எண்ணையும் பக்கத்திலேயே அச்சிடுகிறாரா? அவரைப் படியுங்கள், யார் காசில் போனாலும் சரி. இல்லை, அதுவும் தப்பு. செலவைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் விமர்சகர் இந்தப் பத்து வருடத்தில் ஒரு தடவையாவது அப்படி எழுதியிருக்கிறாரா? பழைய இதழ்கள் உங்களிடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். நானும் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துவைத்திருக்கிறேன். மடிப்பில் சிவப்புக் கறை, ஆனால் 84 நன்றாகவே தெரிகிறது.