பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் பாட்டிக்குக் காது மந்தம். கைபேசியைக் காதில் வைத்தால் பாதிப் பேச்சுதான் விளங்குகிறது. அதனால் அவருக்காக ஒரு பெட்டி செய்து வருகிறேன். அழைப்பு வந்தால் ஒரு பெரிய பொத்தானை அமுக்க வேண்டும், பேச்சு பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். அவ்வளவுதான். உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் போர்டு, யுஆர்ட் (தரவை பிட் பிட்டாக வரிசையில் அனுப்பும் கம்பி இணைப்பு) வழியாக இணைந்த பிராட்காம் வகை புளூடூத் சிப். மென்பொருள்: புளூடூத்துக்கு புளூஇசட், அழைப்புக்கு ஓஃபோனோ, ஒலிக்கு பல்ஸ்ஆடியோ.

கைபேசியில் பாட்டுப் போட்டால் பெட்டியில் அருமையாகக் கேட்கிறது. அழைப்பு வரும்போது பொத்தானை அமுக்கினால் அழைப்பும் எடுக்கப்படுகிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு சத்தமும் இல்லை. பல்ஸ்ஆடியோவை நான்கு முறை அழித்து மறுபடி நிறுவினேன். நடுவில், புளூடூத் ஒலிக்கான மற்றொரு மென்பொருளான புளூஆல்சாவையும் போட்டுப் பார்த்தேன். யுஆர்ட் வேகம் போதவில்லை என்கிறார் நண்பர். போர்டையே மாற்றிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

போர்டை மாற்ற வேண்டாம். பல்ஸ்ஆடியோவை ஐந்தாவது முறை நிறுவவும் வேண்டாம்.

முதலில் நண்பர் சொன்ன காரணத்தைப் பார்த்துவிடுவோம். பாட்டு எஸ்பிசி கோடெக்கில், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறையில், வருகிறது. நல்ல தரத்தில் அது நொடிக்கு சுமார் 328 கிலோபிட். யுஆர்ட்டில் ஒரு பைட்டை அனுப்பப் பத்து பிட் செலவாகும் என்பதால், அந்தப் பாட்டு தடங்கலின்றி வர நான்கு லட்சத்துக்கு மேல் பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகம் வேண்டும். அழைப்பின் குரலோ நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட், ஆக நொடிக்கு 16,000 பைட். பாட்டுக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. வேகம் 115200 ஆக இருந்திருந்தால் பேச்சு திணறியிருக்கும், ஆனால் அதற்கு முன்பே பாட்டு செத்திருக்கும். உங்களுக்குப் பாட்டு ஒழுங்காக வருகிறது. யுஆர்ட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, பொத்தானை அமுக்கினால் அழைப்பு எடுக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது மிகப் பெரிய தகவல். அழைப்பை எடு, வை, ஒலியளவைக் கூட்டு என்ற பேச்செல்லாம் ஆர்எஃப்காம் என்ற பாதையில் ஏடி கட்டளைகளாகப் போகின்றன. பழைய மோடம் காலத்துக் கட்டளைகள்தான். அது வேலை செய்கிறதென்றால் இணைப்பு, அனுமதி, ஓஃபோனோ எல்லாம் சரி. குரல் மட்டும் அந்தப் பாதையில் வருவதில்லை. அதற்கு எஸ்சிஓ என்று தனிப் பாதை உண்டு. பாட்டு பாக்கெட்டுகளாக வருகிறது. ஒன்று தவறினால் திரும்ப அனுப்பலாம், சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை. குரல் அப்படிக் காத்திருக்க முடியாது. அதனால் வானலை நேரத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கி, சுருக்கி, நொடிக்கு 64 கிலோபிட் என்ற சீரான ஓட்டமாக அனுப்புகிறார்கள் (சிப் அதை விரித்தபின்தான் முன்பு சொன்ன 16,000 பைட்). பாட்டும் பேச்சும் ஒரே சிப்புக்குள் வந்து இறங்கினாலும் அங்கிருந்து வெளியேறும் வாசல் வேறாக இருக்கலாம். உங்கள் சிக்கல் அந்த வாசலில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, ஊகம் போதாது, பார்த்துவிடலாம். ஒரு டெர்மினலில், புளூடூத் சிப்போடு நடக்கும் பேச்சைக் காட்டும் பிடிமான் (btmon) கருவியை ஓடவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து அழைத்துப் பொத்தானை அமுக்குங்கள். 'சிங்க்ரனஸ் கனெக்ட் கம்ப்ளீட்' என்று ஒரு நிகழ்வு வரும், அதன் கீழே நிலை 'சக்சஸ்' என்று இருக்க வேண்டும். அந்த நிகழ்வே வரவில்லை என்றால் கைபேசித் திரையில் ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கர் என்று இருந்தால் புளூடூத்துக்கு மாற்றுங்கள்.

வந்தால், அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எச்சிஐகான்ஃபிக் (hciconfig) கட்டளையை அடியுங்கள். பெறப்பட்ட பைட்டுகளின் வரியில் ஏசிஎல், எஸ்சிஓ என்று இரண்டு எண்கள் இருக்கும். ஏசிஎல் என்பது பாட்டு வரும் பாக்கெட் பாதை. பாட்டுக் கேட்டதால் ஏசிஎல் எண் பெருத்திருக்கும். எஸ்சிஓ எண் 0 என்றே நிற்கும் என்பது என் கணிப்பு. சில நொடி கழித்துத் திரும்ப அடியுங்கள். அப்போதும் 0 என்றால், குரல் சிப்புக்குள் வந்துவிட்டது, ஆனால் லினக்ஸுக்கு ஒரு பைட்கூட வந்து சேரவில்லை என்று அர்த்தம். வராத ஒலியைப் பல்ஸ்ஆடியோ எங்கிருந்து எடுத்து இசைக்கும்? நீங்கள் நான்கு முறை அதை நிறுவியும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

குரல் எங்கே போகிறது? இந்த வகைச் சிப்புகளில் பிசிஎம் என்று நான்கு பின்கள் இருக்கும்: ஒலி உள்ளே, ஒலி வெளியே, கடிகாரம், ஒத்திசைவு. கைபேசியிலும் காரிலும் குரல் பிரதான செயலிக்குத் தொல்லை தராமல் நேராக ஒலிச் சிப்புக்குப் போகட்டும் என்று வைத்த வழி அது. பிராட்காம் சிப்புகள் பலவும் விழித்தெழும்போது குரலை அந்தப் பின்களுக்கே திருப்பிவிடும். பின்களில் கம்பி இணைத்திருக்கிறார்களா என்று சிப்புக்குத் தெரியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வேலையில் இதே நிசப்தத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். நிரலில் தேடாத மூலை கிடையாது. கடைசியில் ஒருநாள் இரவு, மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முனையை ஒலி வெளியே வரும் பின்னில் வைத்தேன். எதிர்முனையில் நண்பர் 'ஹலோ, ஹலோ' என்று கத்த, திரையில் கோடு துள்ளியது. போர்டில் அந்தப் பின்னிலிருந்து எங்கும் கம்பி போகவில்லை. மூன்று வாரமும் நண்பரின் குரல் அந்தப் பின் வரை வந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது. அந்த வாரங்களை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் போர்டின் சுற்றுப்படத்தில் பிசிஎம் பின்கள் செயலியோடு இணைந்திருந்தால் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) அதையே ஒரு ஒலி அட்டையாக அறிவிக்கலாம். கெர்னலில் பிடி-எஸ்சிஓ என்ற பெயரில் அதற்கென்றே டிரைவர் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எளிய வழி, குரலையும் யுஆர்ட் வழியே அனுப்பச் சொல்லிச் சிப்பிடம் கேட்பது. எச்சிஐடூல் (hcitool) கருவியின் சிஎம்டி (cmd) துணைக்கட்டளையில், பதினாறடிமான எண்ணில் குழு 3எஃப், கட்டளை 1சி; பின்னால் ஐந்து பைட்டுகள்: 1, 2, 0, 1, 1. முதல் பைட்தான் வாசல்: 0 என்றால் பின்கள், 1 என்றால் யுஆர்ட். மற்ற நான்கும் பின்களின் கடிகாரம், ஒத்திசைவு பற்றியவை. இது பிராட்காம், சைப்ரஸ் சிப்புகளுக்கான கட்டளை, மற்ற நிறுவனச் சிப்பில் அடிக்காதீர்கள். அழைப்பு இல்லாத நேரத்தில் அடித்துவிட்டு, அடுத்த அழைப்பில் எஸ்சிஓ எண்ணைப் பாருங்கள், ஓட ஆரம்பித்திருக்கும். சிப் மறுபடி துவங்கினால் இதை மறந்துவிடும். அதனால் சிப்பின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் ஏறி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி, லினக்ஸில் சேவைகளைத் துவக்கும் சிஸ்டம்டியில் ஒரு சிறு சேவையாக எழுதிவையுங்கள். பாட்டி வீட்டில் மின்சாரம் போய் வந்தபின் பெட்டி ஊமையாகிவிடக் கூடாது.

அப்புறம், புளூஆல்சாவை நீக்கிவிடுங்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீ, அதாவது அழைப்பைப் பெட்டிக்குக் கொண்டுவரும் சேவையை, புளூஇசட்டிடம் ஒரே ஒரு நிரல்தான் பதிவு செய்ய முடியும். எது முதலில் எழுந்ததோ அதற்குத்தான் இடம், மற்றது தோற்றுவிடும். ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாத மர்மங்கள் பல இப்படிப் பிறப்பவை. 2012 டிசம்பரில் வந்த புளூஇசட் 5-இல் ஹேண்ட்ஸ்ஃப்ரீயை அதிலிருந்து நீக்கினார்கள். அதை வெளி நிரல்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய குறிப்புகளைப் பார்த்து எதையும் நிறுவாதீர்கள்.

குரல் வந்ததும் இரண்டு தொல்லைகள் வரும். ஸ்பீக்கரின் சத்தத்தை மைக் பிடித்து, அழைத்தவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். பாட்டிக்காக ஒலியை உரக்க வைப்பீர்கள் என்பதால் இது உறுதி. பல்ஸ்ஆடியோவின் எதிரொலி நீக்கும் மாட்யூலை வெப்ஆர்டிசி முறையில் ஏற்றுங்கள், மைக்கை ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் வையுங்கள். இன்னொன்று, ஆறேழு நிமிடம் பேசியபின் 'டிக்' என்று ஒரு வெட்டு. கைபேசியின் கடிகாரமும் உங்கள் ஒலிச் சிப்பின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினாலே 20 மில்லிநொடி பஃபர் (ஒலியின் சிறு கையிருப்பு) அந்த நேரத்தில் தீர்ந்துவிடும். பல்ஸ்ஆடியோவின் லூப்பேக் மாட்யூல் வேகத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திச் சமாளிக்கும். குரலை அதன் வழியே விடுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் சாதாரண அழைப்புக்கான சிவிஎஸ்டி கோடெக்கில் ஓடச் செய்யுங்கள். அது ஓடியபின் அகல அலைவரிசைக் கோடெக்கான எம்எஸ்பிசிக்குப் போங்கள், அதை விட்டுவிடாதீர்கள். சாதாரண அழைப்பு 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எம்எஸ்பிசி நொடிக்கு 16,000 மாதிரி எடுப்பதால் 7,000 வரை வரும். வயதானவர்களுக்குக் காதில் முதலில் போவது மேல் அதிர்வெண்கள்தான். ச, ஷ, ஸ போன்ற ஒலிகளின் வலு அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் கோடெக் வெட்டிவிட்டால், ஸ்பீக்கரை எவ்வளவு உரக்க வைத்தாலும் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அழைப்பவரின் கைபேசியும் வலைப்பின்னலும் அகல அலைவரிசையில் பேசினால்தான் இந்தப் பயன் முழுதாகக் கிடைக்கும். உங்கள் பல்ஸ்ஆடியோ பழையது என்றால் ஓஃபோனோவோடு எம்எஸ்பிசி பேசாது, புதிய பதிப்போ அதற்கு மாற்றான பைப்வயரோ வேண்டியிருக்கும். இரைச்சல் மட்டும் வந்தால் கைபேசி ஒரு கோடெக்கிலும் உங்கள் நிரல் வேறொன்றிலும் இருக்கின்றன என்று பொருள். பிடிமானில் பிசிஎஸ் (BCS) என்று உள்ள ஏடி வரியில் 1 வந்ததா 2 வந்ததா என்று பாருங்கள். 1 சிவிஎஸ்டி, 2 எம்எஸ்பிசி.

கட்டளைக்கு முன்னும் பின்னும் எச்சிஐகான்ஃபிக் காட்டிய வரிகளை எனக்கு அனுப்புங்கள். எஸ்சிஓ எண் 0 ஆக இல்லாமல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் என் கணிப்பு தவறு. அப்போது பிடிமானின் முழுப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள், அங்கிருந்து தொடருவோம். பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.