குன்னூர்க் கடைக்காரர் சொல்லும் ‘புதிய’ லினக்ஸ்: 2,500 ரூபாய் எதற்கு?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறோம். மகனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினி, 2 ஜிபி ரேமும் விண்டோஸ் 7உம் கொண்டது, இன்னும் வீட்டில் இருக்கிறது. திறப்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. வங்கியின் இணையதளம் திறக்க மறுக்கிறது. பச்சை இலைக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறேன்; மகளிர் குழுவுக்கான கடிதங்களையும் இந்த மடிக்கணினியில்தான் தட்டச்சு செய்கிறேன். குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர், மிக இலகுவான புதிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதாகவும், உரிமக் கட்டணம் சேர்த்து 2,500 ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகவும், ஆண்டுதோறும் 600 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுங்கள், அம்மா, அது நல்ல முடிவுதான். ஆனால் அந்த 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கீழே நான் பெயர் சொல்லப்போகும் இயங்குதளங்கள் எதற்கும் உரிமக் கட்டணமும் கிடையாது, ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணமும் கிடையாது. யாரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், பத்துப் பேருக்குப் படியெடுத்தும் கொடுக்கலாம். போட்டுத் தருபவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம், தயங்காமல் கொடுங்கள். உரிமம் என்ற பெயரில் கேட்டால் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று எடையில் கழிக்கும் இலை ஏஜென்டிடம் கணக்குக் கேட்கத் தெரிந்த நீங்கள், இவரிடமும் எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தது என்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒருங்கே வந்தன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7உடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டு வந்த இயங்குதளம். அரசே பணம் செலவிட்டு லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை எப்படித் திறப்பது என்று மாணவருக்கோ ஆசிரியருக்கோ உருப்படியாகச் சொல்லித்தராமல் விட்டது; வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பலர் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டார்கள். அன்று அழித்துக் கொடுத்துக் காசு வாங்கியவர்களில் சிலர்தாம் இன்று போட்டுக் கொடுத்துக் காசு கேட்கிறார்கள்.

புதியது என்று விற்கப்படும் பெரும்பாலான லினக்ஸ்களின் உள்ளே இருப்பது, 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் லினக்ஸோ அதிலிருந்து கிளைத்த உபுண்டுவோதான். திரையின் தோற்றத்தை மாற்றி, தேவையற்ற சிலவற்றை நீக்கி, வேறு பெயர் சூட்டி வெளியிடுவார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஓரிருவர் ஓய்வு நேரத்தில் நடத்தும் முயற்சி எந்த நாளும் நின்றுபோகலாம். இலகுவானது என்று பலர் கொண்டாடிய கிரஞ்ச்பேங் 2015 பிப்ரவரியில் நின்றது. ஆன்டெர்காஸ் என்னும் மற்றொரு லினக்ஸ் 2019இல் நின்றது. இன்டெல் போன்ற பெருநிறுவனமே தன் கிளியர் லினக்ஸை 2025 ஜூலையில் கைவிட்டது. நின்றுபோன இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம். ஆகவே பல ஆண்டு வேரூன்றிய ஒன்றையே கேளுங்கள். அதையும் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து உங்கள் கண்முன்னே இறக்கச் சொல்லுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்னும் புகழ்பெற்ற லினக்ஸின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, ஒட்டுவேலை செய்த போலிப் படிக்குக் கொண்டுபோகும் இணைப்பை வைத்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தினரே கண்டுபிடித்து உடனே அறிவித்தார்கள். கடைக்காரரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று அறிவிக்க யாரும் இல்லை.

இலகு என்ற சொல்லிலும் ஏமாறாதீர்கள். இயங்குதளம் எவ்வளவு மெலிந்திருந்தாலும், இன்று கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைத் தின்பது, இணையதளங்களைத் திறக்கும் உலாவிதான் (பிரவுசர்). ஆன்ட்டிஎக்ஸ் என்னும் லினக்ஸ் 512 எம்பி ரேம் உள்ள பழைய பென்டியம் 3 கணினியிலும் ஓடக்கூடியது. ஆனால் அதிலேயே உலாவியைத் திறந்து வங்கித் தளம், ஒரு காணொளி, மின்னஞ்சல் என்று மூன்று பக்கங்களை விரித்தால் 2 ஜிபியும் போதாமல் திணறும். எனவே 2,500 ரூபாயை இயங்குதளத்துக்குக் கொடுப்பதைவிட, ரேமை 4 ஜிபியாக உயர்த்தவும், பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகச் சுழலும் தகடு இல்லாத, வேகமான சேமிப்பகமான சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தவும் செலவிடுவதே மேல். திறப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும் நோய்க்கு எஸ்எஸ்டியே முதல் மருந்து. இவ்விரண்டும் செய்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பைப் போடச் சொல்லுங்கள். அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும், தோற்றமும் நீங்கள் பழகிய விண்டோஸை ஒத்தே இருக்கும். ரேமை உயர்த்த வழியே இல்லையென்றால் ஆன்ட்டிஎக்ஸ் போதும். விண்டோஸ் 7இலேயே தொடரலாமா என்று யோசிக்க வேண்டாம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது, குரோம் உலாவியும் 2023இல் அதைக் கைவிட்டது. உங்கள் வங்கித் தளம் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பழைய உலாவியே.

போடுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்கைத் தொடாமல் லினக்ஸ் முழுவதும் திரையில் வரும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து வைஃபை, ஒலி, கேமரா, உங்கள் பிரின்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வைஃபை எடுக்கவில்லை என்றால் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் கொடுத்தால் பெரும்பாலும் எடுக்கும்.

இனி நான் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போன எச்சரிக்கை. நம் ஊரில் சி டிரைவ் மட்டும்தான் அழியும், டி டிரைவில் வைத்தது பத்திரம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்கின் இரண்டு அறைகள். டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், திருமணப் படங்கள் அனைத்தையும் டி டிரைவில் வைத்துவிட்டுக் கடையில் கொடுத்தது. திரும்ப வந்தபோது கணினி மின்னலாக ஓடியது, படங்கள் இல்லை. நீங்கள் உங்கள் இலைக் கணக்கை வெளி டிஸ்கில் படியெடுத்து, அது வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மடிக்கணினியைக் கொடுங்கள். அந்தக் கணக்கு, லினக்ஸில் எக்செலின் வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸில் திறக்கும். கூட்டல், கழித்தல் வாய்பாடுகளும் அப்படியே வேலை செய்யும்.

தமிழ்க் கடிதங்கள்தாம் உங்களுக்கு உண்மையான தொல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடிதங்களை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு எழுதலாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்திருந்தால், லினக்ஸில் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்து லினக்ஸில் நிறுவினால் மீண்டும் தமிழாகத் தெரியும். புதிதாக எழுதுவதுதான் சிரமம். ஏனெனில் அவற்றில் பலவற்றுக்கான தட்டச்சு மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. பழைய கடிதங்களை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் ஒற்றுகளையும் கொம்புகளையும் ஒருமுறை சரிபாருங்கள். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே தமிழுக்கு யூனிகோடைத் தரமாக ஏற்று மாநில அரசு ஆணையிட்டுவிட்டது. அதன்பின் இத்தனை ஆண்டுகள் கழித்தும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவா என்று விண்ணப்பதாரரைத் திருப்பி அனுப்பும் மேசைகள் இருக்கின்றன. அப்படிக் கேட்டால் கடிதத்தை பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கடைசியாக, நம் மலைக்கு உரிய ஒன்று. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மடிக்கணினியின் பேட்டரி இந்நேரம் செத்திருக்கும். நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதியில் நின்று முதலிலிருந்து தொடங்க நேரும்; ஆகவே யுபிஎஸ் இருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் கழற்றிய பழைய ஹார்டு டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், இது குப்பை என்று அவர் சொன்னாலும் கேட்டு வாங்குங்கள். உங்கள் கணக்கு, படங்கள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மூடி இறுகிய டப்பாவில், செருப்புப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு அதனுடன் வையுங்கள். ஈரம் எளிதில் தாக்காது.