கவாய் ஓஓ பறவை எப்படி அழிந்தது? கேள்வி பதில்

கே: ஹவாயின் கவாய் தீவிலிருந்த ஓஓ பறவை உண்மையிலேயே அழிந்துவிட்டதா?

ப: ஆமாம். கடைசியாகக் கண்ணில் பட்டது 1985இல், குரல் கேட்டது 1987இல். இனம் அழிந்ததென்று சொல்லி அமெரிக்க அரசு 2023இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது.

கே: மன்னர்களின் இறகு அங்கிக்காகப் பிடித்தே தீர்த்துவிட்டார்களாமே?

ப: அங்கிக்கு வேண்டிய மஞ்சள் இறகுக்குப் பேர்போனது ஹவாய் பெரிய தீவின் ஓஓ. கவாய் ஓஓவுக்குத் தொடையில் மட்டும்தான் மஞ்சள்.

கே: கரும்புத் தோட்டம்தான் காரணம். கொசு பரப்பிய நோயால்தான் அழிந்தது என்று கொசுவின் மேல் பழிபோடுவது தோட்டக்காரர்களைக் காப்பாற்றும் பேச்சு.

கே: மேலே கேட்டவருக்கு: காடு மிச்சமிருந்த இடத்திலும் பறவை செத்ததே, எப்படி?

ப: இருவரும் சொல்வது ஒரே கதையின் இரண்டு பாதி. கரும்புக்கும் மேய்ச்சலுக்கும் தாழ்நிலக் காடு போனது. 1826 வாக்கில் கப்பலில் கொசு வந்து இறங்கியது. நம் ஊரில் யானைக்கால் நோயைப் பரப்புகிற அதே கியூலெக்ஸ்தான். அது பரப்பிய பறவை மலேரியாவைத் தாங்கும் சக்தி அந்தத் தீவுப் பறவைகளுக்கு இல்லை. கொசுவுக்குக் குளிர் ஆகாது என்பதால், அலகாய் மேட்டுச் சதுப்புக்காட்டில் மட்டும் ஓஓ பிழைத்துக் கிடந்தது.

அங்கேயும் பன்றி புகுந்தது. மரப்பெரணியின் தண்டை உள்ளிருக்கும் மாவுக்காகக் குடைந்து தின்றுவிட்டுப் போகும். குடைந்த இடம் தொட்டி மாதிரி நிற்கும். மழைநீர் தேங்கினால் அதில் கொசுப்புழு நெளியும்.

அப்புறம் கூடு. ஓஓ மரப்பொந்தில் முட்டையிடும். பொந்துக்கு வயதான ஓஹியா மரம் வேண்டும். 1982 நவம்பரில் இவா புயல் காட்டைச் சாய்த்தது. அதற்குப்பின் பெண் பறவையை யாரும் பார்க்கவில்லை. தீவு முழுக்கக் காடு இருந்திருந்தால் ஒரு புயல் ஓர் இனத்தையே முடித்திருக்காது. அதனால் கரும்பின் மேலுள்ள குற்றத்தை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் கொசுவைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் மிச்சமிருக்கிற பறவைகளையும் இழப்போம்.

கே: கடைசிப் பறவையின் குரல் பதிவு இருக்கிறதா?

ப: இருக்கிறது. ஜோடியாகப் பாடும் இனம் இது. பதிவில் ஒரே குரல்தான். என்னால் முழுதாகக் கேட்க முடிந்ததில்லை.

கே: மரபணுவை வைத்து மீட்க முடியாதா?

ப: இன்று முடியாது. ஓஓவின் குடும்பமே, ஐந்து இனமும், போய்விட்டது. முட்டை சுமக்க நெருங்கிய உறவுப் பறவைகூட இல்லை.

கே: குளோனிங் செய்தால்?

ப: மேலே பாருங்கள்.

கே: அந்த மலேரியா மனிதருக்கு வருமா?

ப: வராது.

கே: மிச்சமிருக்கும் பறவைகளுக்கு என்ன செய்கிறார்கள்?

ப: வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களைக் காட்டில் விடுகிறார்கள். அவற்றோடு சேர்ந்த பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது, பயம் வேண்டாம்.

கே: அடுத்த மாதம் கவாய் போகிறேன். அலகாய்க்கு எந்தப் பாதை நல்லது?

ப: பாதை விவரம் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். காலணியை மட்டும் இங்கேயே தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். ஓஹியா மரத்தை இப்போது ஒரு பூஞ்சை கொல்கிறது, மண்ணோடு அது பரவும்.