கவுன்ட் சரி, ரத்தம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைகிறது. அரை மணி நேரம் ஆனாலும் நிற்பதில்லை. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை 2.8 லட்சம், ‘நார்மல்’ என்கிறார்கள். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். சொந்தத்தில் கட்டியதாலா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கலாம். அந்த எண், தட்டணு எத்தனை என்று சொல்லும். வேலை செய்கிறதா என்று சொல்லாது. சுவிஸ் மருத்துவர் கிளான்ஸ்மான் 1918-இல் விவரித்த ‘கிளான்ஸ்மான் த்ராம்பஸ்தீனியா’ என்ற பரம்பரை நோயில், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட உதவும் 2பி/3ஏ புரதம் இருக்காது, அல்லது வேலை செய்யாது. ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகளும் சரியாகவே வரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணுப் பிழை வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவருக்கு ரத்தக்கசிவு பொதுவாக இருக்காது. இருவரும் அப்படிப்பட்டவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25% வாய்ப்பு. உலகில் பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் காணும் இந்நோய், தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் பிரான்ஸின் மனூஷ் என்ற ரோமா (ஜிப்ஸி) சமூகத்திலும் ஈராக்கிய யூதரிடமும் அதிகம். ஈராக்கிய யூதரிடம் பரவலாக இருப்பது 3ஏ புரதத்துக்கான ஐ.டி.ஜி.பி.3 மரபணுவில் 11 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட பிழை. எதைத் தேடுவது என்று தெரிவதால் அங்கே கருவிலேயே சோதிப்பது சுலபம். நம் ஊரில் பிழை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆகவே அடுத்த குழந்தைக்கு முன் மகளின் பிழையைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய சோதனை ‘பிளேட்லெட் அக்ரிகேஷன்’; தூண்டும் பொருள்களைச் சேர்த்து, தட்டணு திரள்கிறதா என்று பார்ப்பது. இந்நோயில் ஏ.டி.பி., கொலாஜன் எதற்கும் தட்டணு திரளாது, ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் திரளும். தட்டணுவின் மேல் 2பி/3ஏ புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சி.டி.41, சி.டி.61 ஃப்ளோ சைட்டோமெட்ரி அதை உறுதிசெய்யும். ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்காமல் நான்கு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். பத்து நாள் முன்பிருந்தே ஆஸ்பிரின், இபுபுரூஃபென் கூடாது. நோய் உறுதியானால் என்றைக்குமே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

கேள்வி: ரத்தம் வந்தால் உடனே தட்டணு ஏற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அவள் உடம்பில் இல்லாத புரதத்தை ஏற்றினால் எதிர்ப்பொருள் உருவாகி, பின்னாளில் பெரிய அறுவை சிகிச்சையின்போது ஏற்றும் தட்டணு பலிக்காமல் போகலாம். முதலில் உட்காரவைத்து, தலையை முன்னால் குனியவிட்டு, மூக்கின் மென்பகுதியை 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நிற்காவிட்டால், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம்: கிலோவுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, மருத்துவர் சொன்னபடி. சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும் இந்த மருந்து வேண்டாம், ரத்தக்கட்டி சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் ரத்தக்கசிவு அடங்காதபோது, ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 7ஏ ஊசி உண்டு, விலை அதிகம். தட்டணு தேவைப்பட்டே தீருமானால் வெள்ளணு நீக்கிய, ஒரே கொடையாளரின் தட்டணுவைக் கேளுங்கள். தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம்; மெல்லிய ஊசியில் போட்டு, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.