டேக்அவுட்டில் பாதி ஃபைல்கள் வரவில்லையா? உரிமையாளர் யார் என்று பாருங்கள்

மகளின் பள்ளிக் கணக்கு மூடப்படும் முன் கூகுள் டேக்அவுட்டில் (கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் சேவை) எடுத்துப் பார்த்தால் பாதி ஃபைல்கள் இல்லையா? அவை அழியவில்லை, பெரும்பாலும் ஆசிரியர் பெயரில் இருக்கும். பள்ளி வேலைகளைக் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு டாக்ஸ் ஃபைலை ஒப்படைத்ததும் அதன் உரிமை ஆசிரியருக்குப் போய்விடும். அவர் திருப்பித் தந்தால்தான் பிள்ளையின் கணக்குக்கு மறுபடி வரும். டேக்அவுட் அந்தக் கணக்குக்குச் சொந்தமான ஃபைல்களைத்தான் இறக்கித் தரும். ஆண்டுக் கடைசியில் மதிப்பெண் போடும் அவசரத்தில் 'திருப்பித் தருதல்' விட்டுப்போவது சகஜம்.

1. விடுபட்ட ஒரு ஃபைலை டிரைவில் தேடி, விவரங்களில் உரிமையாளர் பெயரைப் பாருங்கள்.
2. ஆசிரியர் பெயர் இருந்தால், எல்லாவற்றையும் திருப்பித் தரச் சொல்லி இன்றே எழுதுங்கள். அப்புறம் டேக்அவுட்டை மறுபடி ஓட்டுங்கள்.
3. நேரமில்லையா? ஃபைலைத் திறந்து பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளையின் கதை, படமெல்லாம் பிடிஎஃப்பிலேயே அழகாக நிற்கும்.

ஒப்படைத்ததை நீங்களே ரத்து செய்து திரும்பப் பெறலாம்தான், ஆனால் வேண்டாம். கெடு முடிந்திருந்தால் அது ஒப்படைக்காத வேலையாகக் காட்டும்.

பள்ளியின் கூகுள் கணக்குகளைக் கவனிக்கும் நிர்வாகி டேக்அவுட்டையே பூட்டி வைத்திருக்கவும் கூடும். கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.