நடிப்பா, படிப்பா?

கேள்வி: அந்தக் கால அமெரிக்க ரேடியோ நடிகைகளை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்? மைக் முன்னால் நின்று தாளைப் பார்த்துப் படிப்பதற்குப் பெயர் நடிப்பா? உண்மையிலேயே திறமை இருந்திருந்தால் சினிமா அவர்களை விட்டுவைத்திருக்குமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: தாளைப் பார்த்துத்தான் படித்தார்கள். மறுக்கவில்லை. ஆக்னஸ் மூர்ஹெட் என்ற அம்மையார் 1943 மே 25 அன்று, சிபிஎஸ் வானொலியின் ‘சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சியில், ‘சாரி, ராங் நம்பர்’ என்ற அரைமணி நேர நாடகத்தைப் படித்தார். நேயர்கள் விடவில்லை, பிறகும் பல ஆண்டுகள், பலமுறை படித்தார். ஒவ்வொரு முறையும் கையில் இருந்தது ஓரம் மடங்கிக் கசங்கிப்போன அதே முதல் பிரதி. இத்தனை முறை நடித்தவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தாள் தேவைப்பட்டிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

என்ன படித்தார் என்பதையும் கேளுங்கள். லூசில் பிளெட்சர் எழுதிய நாடகம் அது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பணக்காரப் பெண், இரவில் தனியாக இருக்கிறாள். கணவனுக்கு டெலிபோன் செய்கிறாள். இணைப்பு மாறிப்போய், இரண்டு ஆண்கள் அன்றிரவு பதினொன்றேகாலுக்கு ஒரு பெண்ணைக் கொல்லத் திட்டமிடுவது காதில் விழுகிறது. ஆபரேட்டரை அழைக்கிறாள், போலீஸை அழைக்கிறாள், எவரும் பொருட்படுத்தவில்லை. கொலையாகப்போவது தான்தான் என்று அவளுக்குப் புரியும்போது மணி ஆகிவிடுகிறது. நாடகத்தின் பெரும்பகுதி அந்த ஒருத்தியின் குரல்தான். ஆரம்பத்தில் எரிந்து எரிந்து விழுகிறாள். நமக்கே அவளைப் பிடிக்காமல் போகிறது. போகவேண்டும் என்றுதான் மூர்ஹெட் அப்படிப் பேசுகிறார். எரிச்சல் படபடப்பாகி, படபடப்பு கெஞ்சலாகி, கெஞ்சல் அலறலாகும்போது, சற்றுமுன் வெறுத்தவளுக்காக நாம் பதறுகிறோம். கண்ணைக் கலக்கிக் காட்ட முடியாது. கை நடுங்குவதைக் காட்ட முடியாது. மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விழுங்குவது என்பதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

அதுவும் நேரடி ஒலிபரப்பு. பதிவு செய்த நாடகங்களைப் பெரிய வானொலி நிறுவனங்கள் அப்போது ஏற்பதில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால், பல நிகழ்ச்சிகளை ஒரே நாளில் இரண்டு முறை நடிக்க வேண்டியிருந்தது. தாள் சலசலத்தால்கூட ஊரெல்லாம் கேட்கும். ‘கட்’ சொல்ல ஆளில்லை.

சினிமா விட்டுவைத்திருக்குமா என்கிறீர்கள். விட்டுவைக்கவில்லை ஐயா. ‘த ஷேடோ’ என்ற வானொலித் தொடரில் 1937இல் மூர்ஹெட்டுடன் சேர்ந்து நடித்த ஆர்சன் வெல்ஸ், ஹாலிவுட்டுக்குப் போனபோது தன் குழுவோடு அவரையும் அழைத்துக்கொண்டார். 1941இல் வெல்ஸ் இயக்கிய ‘சிட்டிசன் கேன்’ படத்தில், மகனை இன்னொருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போடும் தாய் மூர்ஹெட்தான். சில நிமிடங்களே வருகிறார். பிறகு நான்கு முறை ஆஸ்கர் பரிந்துரை. 1964 முதல் 1972 வரை ‘பிவிச்ட்’ தொலைக்காட்சித் தொடரில் சூனியக்கார மாமியார்.

ஆனால் ‘ராங் நம்பர்’ 1948இல் படமானபோது அந்த வேடம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் போனது. அவர் லேசுப்பட்டவர் அல்லர். சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு அவரைப் பரிந்துரைத்தார்கள். இருந்தாலும், குரலால் உருவான ஒரு பாத்திரத்தைச் சுவரொட்டியில் விலைபோகும் முகத்துக்குத் தூக்கிக் கொடுத்தது வியாபாரக் கணக்கு என்றே நான் சொல்வேன். இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆண்டு பரிசை வென்றவர் ‘ஜானி பெலிண்டா’வில் காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக நடித்த ஜேன் வைமன். அந்தப் பெண்ணின் அத்தையாக வந்தவர் யார்? மூர்ஹெட். துணை நடிகைக்கான பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ‘ராங் நம்பர்’ படம் வெளிவந்த பிறகு, அவர் மறுபடியும் ‘சஸ்பென்ஸ்’ மைக் முன் போய் நின்றார், அதே நாடகத்துக்காக.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ். இவரும் வானொலியில் வளர்ந்தவர்தான். நடித்த முதல் படத்திற்கே துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். 1973இல் ‘எக்சார்சிஸ்ட்’ படத்தில் சிறுமியின் வாயிலிருந்து வரும் பேயின் குரல் இவருடையது. பெயர்ப் பட்டியலில் முதலில் இவர் பெயரே இல்லை. போராடிய பிறகுதான் சேர்த்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பயந்தீர்களா? அந்தக் குரலை அவர் மைக் முன்னால் நின்றுதான் கொடுத்தார்.